பாறை வெடிப்புக்குள் ஓடும் தண்ணீரும் எண்ணெயும்: கணினி மாதிரி அமைப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

இயற்கையாக வெடித்த நிலத்தடித் தேக்கம் என்றால் என்ன? எளிமையாகச் சொல்ல முடியுமா?

போர் போடும்போது பக்கத்தில் நின்று பார்த்திருந்தால் உங்களுக்குப் பாதி ஏற்கெனவே தெரியும். முந்நூறு அடி வரைக்கும் வெறும் புகைதான் வரும், கருங்கல் பொடியாகி வெள்ளையாகப் பறக்கும், ரிக்காரர் தலையை ஆட்டுவார். அடுத்த ஐந்து அடியில் திடீரென்று ஈரம் தட்டி, கம்ப்ரஸர் காற்றோடு தண்ணீர் பீய்ச்சி அடிக்கும். அந்த ஐந்து அடியில் பாறை மாறிவிடவில்லை, அதே கருங்கல்தான். அதில் ஒரு வெடிப்பு ஓடுகிறது, அவ்வளவுதான். ஊரில் அதற்கு ஊற்றுக்கண் என்று பெயர்.

பூமி அசைந்து, மடங்கி, குளிர்ந்து, மேலே இருந்த சுமை அரித்துப் போய், எப்படியோ பாறையில் விழுந்த இயற்கையான பிளவுகள் வழியாகத்தான் திரவம் முக்கியமாக ஓடுகிறது என்றால் அது வெடித்த தேக்கம். திரவம் தண்ணீராக இருக்கலாம், எண்ணெயாக இருக்கலாம், எரிவாயுவாகவோ புவிவெப்ப நீராவியாகவோ இருக்கலாம். தமிழ்நாட்டின் பரப்பில் ஏறத்தாழ முக்கால் பங்குக்குக் கீழே இருப்பது இப்படிப்பட்ட கடினப் பாறைதான். உலக அளவில் பார்த்தால், 1908-இல் ஈரானின் மஸ்ஜித் சுலைமானில் மத்திய கிழக்கின் முதல் பெரிய எண்ணெய் கிடைத்ததே வெடிப்புகள் நிறைந்த அஸ்மாரி சுண்ணாம்புக்கல்லில்தான். வியட்நாமின் பாக் ஹோ கடல் களத்தில் எண்ணெய் வருவது கிரானைட்டிலிருந்து. நம் காவிரிப் படுகையிலும் மாதானம் பகுதியில் ஓஎன்ஜிசி அடித்தளப் பாறை வெடிப்புகளில் எண்ணெய் கண்டிருக்கிறது.

மணற்கல்லுக்குப் போடும் மாதிரியையே இதற்கும் போட்டால் என்ன?

1856-இல் ஹென்றி டார்சி, டிஜான் நகரத்துக்குத் தண்ணீர் கொண்டுவந்த அனுபவத்தை எழுதியபோது, மணல் நிரப்பிய குழாயில் பரிசோதித்து ஒரு விதியைச் சொன்னார்: ஓட்டம் அழுத்தச் சரிவுக்கு நேர் விகிதம். நாம் இன்று எழுதும் எல்லா மாதிரிக்கும் அதுதான் அடி. ஆனால் மணலில் ஒரு வசதி உண்டு. எந்த இடத்தில் திரவம் தங்கியிருக்கிறதோ அதே துளை வழியாகத்தான் அது ஓடவும் செய்கிறது. தேக்குவதும் கடத்துவதும் ஒன்றே.

வெடித்த பாறையில் இந்த இரண்டு வேலையும் பிரிந்துவிடுகிறது. கடத்துவது வெடிப்பு. தேக்குவது, பெரும்பாலும், வெடிப்புகளுக்கு நடுவே இருக்கும் முழுப் பாறைக் கட்டி. துறையில் இந்தக் கட்டியை மேட்ரிக்ஸ் என்பார்கள், நானும் அப்படியே சொல்கிறேன். ஒன்று நிமிடக் கணக்கில் இயங்குகிறது, இன்னொன்று மாதக் கணக்கில். இரண்டையும் ஒரே சராசரி எண்ணாக்கிவிட்டால், கிணறு முதல் வாரம் என்ன செய்யும் என்பதும் தவறாகும், பத்தாவது வருடம் என்ன செய்யும் என்பதும் தவறாகும், நடுவில் எங்கோ ஒரு நாள் மட்டும் தற்செயலாகச் சரியாக வரும்.

முடி அளவு வெடிப்பு உண்மையிலேயே அவ்வளவு கடத்துமா?

கடத்தும். கணக்கைப் போட்டுப் பார்த்துவிடுவோம், ஏனென்றால் இந்த ஒரு கணக்கு மனதில் பதிந்தால் மீதி எல்லாம் தானாக விளங்கும்.

இரண்டு வழவழப்பான தகடுகளுக்கு நடுவே திரவம் மெதுவாக ஓடினால், ஓட்டத்தின் அளவு இடைவெளியின் மூன்றாம் அடுக்குக்கு ஏற்ப மாறும். இதைக் கன விதி என்கிறார்கள். வெடிப்பின் அகலம் 0.1 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள், ஒரு தலைமுடியின் பருமன்தான். அந்த வெடிப்புக்குள் மட்டும் ஊடுருவுதிறன் (திரவத்தைக் கடத்தும் திறன், அதன் அலகுக்கும் டார்சி என்றே பெயர்), அகலத்தின் வர்க்கத்தை 12-ஆல் வகுத்தால், சுமார் 840 டார்சி. இப்படி ஒரு வெடிப்பு ஒவ்வொரு மீட்டருக்கும் ஒன்று இருந்தால், அந்தப் பாறை மொத்தத்துக்கும் சராசரி ஊடுருவுதிறன் சுமார் 84 மில்லிடார்சி வரும். நல்ல மணற்கல் களத்துக்கு நிகரான எண் இது. நடுவில் இருக்கும் இறுகிய சுண்ணாம்புக்கல் 0.01 மில்லிடார்சிதான் என்றால், வெடிப்புகள் அதை எட்டாயிரம் மடங்குக்கு மேல் உயர்த்திவிட்டன.

இப்போது தேக்கத்தைப் பாருங்கள். அதே வெடிப்புகள் பாறையின் கனஅளவில் பிடிக்கும் இடம் 0.01 சதவீதம். நூறு மீட்டர் நீளம், நூறு மீட்டர் அகலம், பத்து மீட்டர் கனம் உள்ள ஒரு பாறைப் பாளத்தில் எல்லா வெடிப்பையும் சேர்த்தால் கொள்வது 10,000 லிட்டர். ஒரு டேங்கர் லாரி! மேட்ரிக்ஸின் நுண்துளை 10 சதவீதம் என்றால் அதில் இருப்பது ஒரு கோடி லிட்டர், ஆயிரம் லாரி. அந்த ஆயிரம் லாரிச் சரக்கும் இந்த ஒரு லாரி கொள்ளும் சந்துகள் வழியாகத்தான் வெளியே வந்தாக வேண்டும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். மூன்றாம் அடுக்கு என்பதால் வெடிப்பின் அகலம் பாதியானால் 84 மில்லிடார்சி பத்தரையாக இறங்கிவிடும், எட்டில் ஒரு பங்கு. அகலத்தை அளப்பதில் செய்யும் சின்னப் பிழை, முடிவில் பெரிய பிழையாக நிற்கும். உண்மையான வெடிப்பு வழவழப்பாகவும் இருக்காது. சொரசொரப்பாக இருக்கும், பல இடங்களில் இரு சுவரும் தொட்டுக்கொண்டிருக்கும், உள்ளே கால்சைட் என்ற தாது படிந்திருக்கும். அதனால் கருங்கல் மாதிரித் துண்டில் கண்ணால் பார்க்கும் அகலத்தைக் கன விதிக்குள் அப்படியே போடக் கூடாது. ஓட்டத்தை அளந்து, அதிலிருந்து பின்னோக்கி எடுக்கும் அகலம்தான் மாதிரிக்கு வேண்டியது.

டுவல் பொராசிட்டி என்று எல்லோரும் சொல்கிறார்களே, அது என்ன?

ஒரே இடத்தில் இரண்டு அழுத்தம் இருப்பதாக எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு. 1960-இல் சோவியத் நாட்டில் பாரன்பிளாட், ஷெல்டோவ், கோச்சினா மூவரும் இதை எழுதினார்கள்: ஒவ்வொரு புள்ளியிலும் வெடிப்புக்கு ஓர் அழுத்தம், மேட்ரிக்ஸுக்கு ஓர் அழுத்தம், இரண்டுக்கும் நடுவே ஒரு கசிவு. 1963-இல் அமெரிக்காவில் வாரனும் ரூட்டும் இதை எண்ணெய்க் கிணற்றுச் சோதனைக்குப் பொருத்தி, ஒரு படத்தையும் கொடுத்தார்கள். பாறையை ஒரே அளவான சர்க்கரைக் கட்டிகளாக அடுக்கி, கட்டிகளுக்கு இடையே உள்ள சந்துதான் வெடிப்பு என்று வைத்துக்கொள்வது. இன்று வணிகச் சிமுலேட்டர் எதைத் திறந்தாலும் இந்தப் படம் உள்ளே இருக்கும்.

இதில் மேட்ரிக்ஸ் கட்டி பக்கத்துக் கட்டியோடு பேசாது, தன்னைச் சுற்றியுள்ள வெடிப்போடு மட்டும் பேசும். பக்கத்துக் கட்டிக்கும் நேரடியாகக் கடத்தலாம் என்று திறந்துவிட்டால் அதற்கு டுவல் பெர்மியபிலிட்டி என்று பெயர். கட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாக அமர்ந்து, எண்ணெய் புவியீர்ப்பில் கீழே இறங்கும் களங்களுக்கு இது கட்டாயம் வேண்டும், மற்ற களங்களுக்குப் போட்டால் நேரமும் மெமரியும்தான் வீண்.

எந்தப் பாறைக்கு எது என்று கேட்டால், ரொனால்ட் நெல்சன் வகுத்த பிரிவு நல்ல துணை. முதல் வகையில் தேக்குவதும் கடத்துவதும் வெடிப்பே, பாக் ஹோ கிரானைட் அதற்குப் பக்கம். இரண்டாம் வகையில் மேட்ரிக்ஸ் தேக்கும், வெடிப்பு கடத்தும். மூன்றாவதில் மேட்ரிக்ஸே ஓரளவு கடத்தும், வெடிப்பு கைகொடுக்கும். நான்காவதில் வெடிப்பு தாது நிரம்பி அடைத்துக்கொண்டு சுவராக நிற்கும். டுவல் பொராசிட்டி பிறந்தது இரண்டாம் வகைக்காக. முதல் வகைப் பாறைக்கு அதைப் போட்டு, மேட்ரிக்ஸ் என்று ஒரு கற்பனைத் தொட்டியை உருவாக்கி, அதில் எண்ணெய் இருப்பதாகக் கணக்குக் காட்டுவது எனக்குப் பிடிக்காத பழக்கம். கிரானைட்டின் முழுக் கட்டிக்குள் எடுக்கும்படியான எண்ணெய் கிடையாது. அங்கே இரண்டாவது தொட்டி என்று ஒன்று இருந்தால் அது நுண் வெடிப்புகள்தான், அதற்கு அந்தப் பெயரிலேயே எண் கொடுங்கள்.

ஒமேகா, லாம்டா என்ற இரண்டு எண்களை எப்படி எடுப்பது?

ஒமேகா என்பது மொத்தத் தேக்கத்தில் வெடிப்பின் பங்கு. மேலே போட்ட கணக்கில் அது ஆயிரத்தில் ஒன்று. லாம்டா என்பது மேட்ரிக்ஸ் எவ்வளவு சுலபமாக வெடிப்புக்குத் திரவத்தை விடுகிறது என்பதற்கான அளவு.

கிணற்றைச் சில காலம் ஓடவிட்டு மூடி, அழுத்தம் ஏறுவதைப் பதிவு செய்யுங்கள். நேரத்தை மடக்கை அளவில் வைத்து வரைந்தால், வாரன்–ரூட் சொன்னபடி இரண்டு இணைகோடுகள் வர வேண்டும். முதல் கோட்டில் வெடிப்பு மட்டும் பேசுகிறது. பிறகு மேட்ரிக்ஸ் விழித்துக்கொண்டு திரவத்தைக் கொடுக்க, வளைவு சற்றுத் தட்டையாகிறது. அப்புறம் இரண்டும் சேர்ந்து ஒரே உடம்பாக இரண்டாவது கோடு. இரு கோடுகளின் இடைவெளி ஒமேகாவைத் தரும், மாற்றம் நடக்கும் நேரம் லாம்டாவைத் தரும். அழுத்த வகைக்கெழுவை வரைந்தால் நடுவில் ஒரு பள்ளம் தெரியும், இப்போதெல்லாம் அதைத்தான் முதலில் தேடுவோம்.

நடைமுறையில் இது அழகாக வருவது அபூர்வம். முதல் கோட்டைக் கிணற்றுக்குள்ளேயே இருக்கும் திரவத்தின் அமுக்கம் மறைத்துவிடும். இரண்டாவது கோடு வருவதற்குள் சோதனையை நிறுத்திவிடுவார்கள், ரிக் வாடகை அப்படி. அதோடு, இதே மாதிரிப் பள்ளம் அடுக்கடுக்கான பாறையிலும் வரும், பக்கத்தில் ஒரு பிளவுத்தளம் இருந்தாலும் கிட்டத்தட்ட அதுபோலத் தோன்றும். வளைவின் வடிவத்தை மட்டும் வைத்து வெடித்த பாறை என்று கையெழுத்துப் போடாதீர்கள்.

இன்னும் முக்கியமாக: லாம்டாவுக்குள் மேட்ரிக்ஸின் ஊடுருவுதிறனும் கட்டியின் அளவும் பின்னிக் கிடக்கின்றன. கிணற்றுச் சோதனை அந்த இரண்டையும் பிரித்துக் காட்டாது. இறுகிய பாறையில் சின்னக் கட்டியும், சற்றுத் தளர்ந்த பாறையில் பெரிய கட்டியும் ஒரே லாம்டாவைத் தரும்.

ஷேப் ஃபேக்டருக்கு ஒருவர் 60 என்கிறார், இன்னொருவர் 12 என்கிறார். எது சரி?

இந்தக் கேள்வி வராத வாரமே இல்லை. கட்டியின் வடிவமும் அளவும் கசிவை எப்படிப் பாதிக்கின்றன என்பதை ஒரே எண்ணில் அடக்கும் முயற்சிதான் ஷேப் ஃபேக்டர். மூன்று திசையிலும் வெடித்த கனசதுரக் கட்டிக்கு, அந்த எண்ணைக் கட்டி நீளத்தின் வர்க்கத்தால் வகுத்துப் போட வேண்டும். வாரன்–ரூட் கணக்கில் அந்த எண் 60. 1976-இல் கஸேமியும் அவருடன் சேர்ந்தவர்களும் சிமுலேட்டருக்காகக் கொடுத்தது 12. 1995-இல் லிம், அஸீஸ் இருவரும் விரவல் சமன்பாட்டை நேராகத் தீர்த்து எடுத்தது சுமார் 29.6.

ஐந்து மடங்கு வித்தியாசம்! காரணம், கட்டிக்குள் அழுத்தம் எப்படிப் பரவியிருக்கிறது என்று ஒவ்வொருவரும் வேறு வேறாக எடுத்துக்கொண்டார்கள். நடுவிலிருந்து ஓரம்வரை நேர்கோட்டில் சரிகிறது என்று வைத்தால் 12 வரும். வெடிப்பின் அழுத்தம் மாறாமல் நிற்க, கட்டி நடுவரைக்கும் வடியத் தொடங்கிவிட்ட பிந்தைய நிலைக்கு லிம்–அஸீஸ் எண் பொருந்தும், ஒரே திரவம் மட்டும் ஓடும் கணக்குக்கு நான் அதையே எடுப்பேன். ஆனால் உண்மையில் அந்த எண் நேரத்தோடு மாறுவது. தொடக்கத்தில் கட்டியின் தோல் மட்டும் வடிகிறது, அப்போது சரிவு செங்குத்தாக இருப்பதால் கசிவு இந்த மாறிலி சொல்வதைவிட அதிகம்.

சிமுலேட்டர் மாற்றும்போது இந்த எண்ணை எந்த வழக்கத்தில் கேட்கிறது என்று கையேட்டைப் பார்த்துவிடுங்கள். ஒரு மென்பொருளில் பொருத்திய எண்ணை இன்னொன்றில் அப்படியே ஒட்டிவிட்டு வாரக்கணக்கில் தவித்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கட்டிக்குள் நடப்பதை இன்னும் நேர்மையாகக் காட்ட வழியுண்டா?

உண்டு. கலிபோர்னியாவின் லாரன்ஸ் பர்க்லி ஆய்வகத்தில் கார்ஸ்டன் ப்ரூஸும், இந்தியாவிலிருந்து அங்கே போன டி. என். நரசிம்மனும் எண்பதுகளில் கொண்டுவந்த மின்க் என்ற முறை. கட்டியை ஒரே தொட்டியாக வைக்காமல், வெங்காயம்போல் ஒன்றுக்குள் ஒன்றாகத் தோல்களாகப் பிரிப்பது. வெளித்தோல் வெடிப்போடு பேசும், அடுத்த தோல் வெளித்தோலோடு பேசும், இப்படியே நடுவரைக்கும். நாலைந்து தோல் போட்டாலே தொடக்க நேரத்து நடத்தை ஒழுங்காக வந்துவிடும். புவிவெப்பத் தேக்கங்களுக்காகச் செய்தது இது, அங்கே வெப்பமும் கட்டியிலிருந்து மெதுவாகத்தான் வெளியே வரும்.

இது எப்போது தேவை? கட்டி வடிய எடுக்கும் நேரம், நீங்கள் பார்க்க விரும்பும் நேரத்துக்கு ஒப்பாகவோ அதைவிட நீண்டதாகவோ இருந்தால். 0.01 மில்லிடார்சி, 10 சதவீத நுண்துளை, உள்ளே தண்ணீர் என்று எடுத்து, சாதாரண அமுக்கத்தன்மையோடு தோராயமாகக் கணக்கிட்டால் ஒரு மீட்டர் கட்டியில் அழுத்தம் சமனாக முக்கால் மணி நேரம் ஆகும். பத்து மீட்டர் கட்டிக்கு மூன்று நாள். நூறு மீட்டருக்கு ஒன்பது மாதத்துக்கு மேல். நீளம் பத்து மடங்கானால் நேரம் நூறு மடங்கு. கட்டியின் அளவைத் தெரிந்துகொள்ளுங்கள் என்று நான் ஓயாமல் சொல்வது இதனால்தான்.

எல்லா வெடிப்பையும் ஒவ்வொன்றாக வரைந்து கணக்கிட முடியாதா? இப்போது கணினி வேகமாகத்தானே இருக்கிறது?

முடியும், அதற்குத் தனி வெடிப்பு வலையமைப்பு மாதிரி, அதாவது டிஎஃப்என் என்று பெயர். ஆனால் கணினி வேகம் அங்கே பெரிய தடையல்ல. எந்த வெடிப்பு எங்கே இருக்கிறது என்று நமக்குத் தெரியாது என்பதுதான் தடை. அதனால் திசை, நீளம், அடர்த்தி மூன்றுக்கும் புள்ளிவிவரப் பரவல் எடுத்து, அதிலிருந்து நூறு வலைகளைச் செய்து பார்க்கிறோம்.

இந்த முறைக்கு உரம் போட்டது அணுக்கழிவுத் துறை. ஸ்வீடனின் ஸ்ட்ரிபா என்ற பழைய இரும்புச் சுரங்கத்தில் 1980 முதல் பல நாடுகள் சேர்ந்து சோதனை செய்தன. சுரங்கக் கூரை முழுக்கப் பிளாஸ்டிக் தாள்களை ஒட்டி, எந்தத் தாளில் எவ்வளவு தண்ணீர் சொட்டுகிறது என்று பொறுமையாக அளந்தார்கள். பெரும்பாலான தாள்களில் ஒன்றுமே இல்லை, மிகச் சில தாள்களில் மட்டும் தண்ணீர் கொட்டியது. எத்தனை வெடிப்பு கண்ணுக்குத் தெரிகிறது என்பதற்கும் எத்தனை வெடிப்பு கடத்துகிறது என்பதற்கும் தொடர்பு மிகக் குறைவு என்று அது முகத்தில் அடித்தாற்போல் காட்டியது. ஒரே வெடிப்புத் தளத்துக்குள்ளும் தண்ணீர் முழுப் பரப்பில் ஓடாது, சில வாய்க்கால்களில் ஓடும். ஸ்வீடனின் ஃபோர்ஸ்மார்க்கிலும் பின்லாந்தின் ஓங்கலோவிலும் ஆழப் புதைகுழிக்கான பாதுகாப்புக் கணக்கில் இந்த வலையமைப்பு மாதிரிகளுக்குப் பெரிய இடம் உண்டு.

களம் முழுவதற்கும் டிஎஃப்என் கனம் அதிகம் என்பதால், அதைச் சிமுலேட்டரின் கட்டங்களுக்குச் சராசரியாக்கிப் பயன்படுத்துவார்கள். அதற்கு ஓடா (Oda) என்பவர் தந்த முறை வேகமானது, ஆனால் வெடிப்புகள் ஒன்றோடொன்று இணைந்திருக்கின்றனவா என்று அது பார்ப்பதில்லை. இணைப்புக் குறைந்த பாறையில் அது தரும் ஊடுருவுதிறன் அளவுக்கு மீறி இருக்கும். ஒரு கட்டத்தையாவது எடுத்து, ஓட்டத்தை நேரடியாகத் தீர்த்து ஒப்பிட்டுவிடுங்கள்.

நடுவழி ஒன்றும் இருக்கிறது: ஈடிஎஃப்எம். பெரிய, தெரிந்த வெடிப்புகளை மட்டும் சாதாரணச் செவ்வகக் கட்டத்துக்குள் நேரடியாகச் செருகி, கட்டத்துக்கும் வெடிப்புக்கும் ஒரு கடத்துகை எண் கொடுப்பது. கட்டத்தை வெடிப்புக்கேற்ப வளைக்க வேண்டியதில்லை. அடைத்துக்கொண்ட, சுவராக நிற்கும் பிளவுகளை மட்டும் இதன் அடிப்படை வடிவம் சரியாகக் காட்டாது, திரவம் அதைத் தாண்டி ஓடிவிடும். நிறைய களங்களுக்கு என் விருப்பம் இதுதான்: பெரிய பிளவுகள் ஈடிஎஃப்எம்-இல், சின்ன வெடிப்புகள் டுவல் பொராசிட்டியில்.

வெடிப்பு எங்கே, எந்தத் திசையில் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கிணற்றுச் சுவரின் மின்தடைப் படம், ஒலிப் படம், கிணற்றிலிருந்து வெட்டி எடுக்கும் பாறைக் கருத்துண்டு, துளையிடும்போது உள்ளே விடும் சேறு திடீரென்று காணாமல் போகும் ஆழம், ஓட்ட அளவி, வெப்பநிலைப் பதிவு. இதில் சேறு இழப்பையும் ஓட்ட அளவியையும் நான் அதிகம் நம்புவேன். அவை கடத்தும் வெடிப்பைக் காட்டுகின்றன. படம் எல்லா வெடிப்பையும் காட்டும்.

ஆனால் ஒரு பொறி இருக்கிறது. செங்குத்தான கிணறு செங்குத்தான வெடிப்பை வெட்டவே வெட்டாது, பக்கத்தில் இணையாக இறங்கிப் போய்விடும். கிடையான வெடிப்புகள் எல்லாம் எண்ணிக்கையில் வந்துவிடும், நெட்டுக்குத்தானவை விடுபட்டுவிடும். 1965-இல் ரூத் டெர்ஸாகி இதற்கு ஒரு திருத்தம் கொடுத்தார்: கிணற்றுக்கும் வெடிப்புக்கும் உள்ள கோணத்தை வைத்து எண்ணிக்கையை ஏற்றிக்கொள்வது. கொங்குப் பக்கம் பழைய திறந்த கிணற்றுக்குள் இறங்கி, பக்கவாட்டில் சைடு போர் போடுவார்களே, அதுவும் இதே சிக்கலுக்கான விடைதான். நெட்டுக்குத்தான வெடிப்பைக் குறுக்கே வெட்டப் படுக்கைவாட்டில்தான் போக வேண்டும். சமன்பாடு இல்லாமலே கண்டுபிடித்த திருத்தம் அது, எனக்கு அதில் பெரிய மரியாதை உண்டு.

திசை விஷயத்தில் இன்னொன்று. 1995-இல் பார்ட்டன், ஸோபேக், மூஸ் மூவரும் காட்டியது: நிலத்தடி அழுத்தத்தில் வழுக்கும் விளிம்பில் நிற்கும் வெடிப்புகள்தான் பெரும்பாலும் தண்ணீர் கடத்துகின்றன, மற்றவை இறுகிக் கிடக்கின்றன. எல்லாப் பாறைக்கும் இது செல்லாது, சுண்ணாம்புக்கல் கரைந்து அகன்ற வெடிப்பு எந்தத் திசையிலும் திறந்திருக்கலாம். ஆனாலும் உங்கள் களத்தில் பாறை எந்தத் திசையில் அதிகம் அழுத்தப்படுகிறது என்று தெரியாமல் எல்லா வெடிப்புக்கும் ஒரே அகலம் கொடுப்பது தவறு.

எண்ணெயைத் தள்ளத் தண்ணீர் செலுத்தினால் வெடிப்பு வழியாக ஓடிவிடாதா?

ஓடிவிடலாம். அல்லது களத்தையே காப்பாற்றலாம். இரண்டுக்கும் உண்மையான உதாரணம் இருக்கிறது.

நார்வேயின் எகோஃபிஸ்க் களம் 1969-இல் கண்டுபிடிக்கப்பட்டது, 1971-இல் உற்பத்தி. பாறை சாக்கட்டிபோன்ற சுண்ணம். நுண்துளை 30 சதவீதத்துக்கு மேல், மேட்ரிக்ஸின் ஊடுருவுதிறனோ சில மில்லிடார்சிதான், வெடிப்புகள்தான் கடத்துகின்றன. தொடக்கத்தில் மொத்த எண்ணெயில் சுமார் 17 சதவீதம் எடுக்கலாம் என்று மதிப்பிட்டார்கள். தண்ணீர் செலுத்தினால் வெடிப்பில் பாய்ந்து கிணற்றுக்கு வந்துவிடும் என்ற பயம் இருந்தது. சோதித்துப் பார்த்தபோது சுண்ணம் தண்ணீரை விரும்பும் பாறை என்று தெரிந்தது. டீயில் முக்கிய பிஸ்கட் மாதிரி கட்டி தண்ணீரை உள்ளே உறிஞ்சி எண்ணெயை வெளியே தள்ளியது. 1987-இல் பெரிய அளவில் நீர் செலுத்தத் தொடங்கினார்கள், இன்று எதிர்பார்ப்பு 50 சதவீதத்தை ஒட்டி இருக்கிறது. அங்கே இன்னொரு பாடமும் உண்டு: அழுத்தம் குறைந்து சுண்ணம் நசுங்கி, கடல்தரை இறங்கி, அதே 1987-இல் மேடைகளை 6 மீட்டர் உயர்த்த வேண்டியிருந்தது. ஓட்ட மாதிரியும் பாறை நசுங்கும் மாதிரியும் தனித்தனியாக இருந்தால் அப்படிப்பட்ட களம் புரியாது.

மறுபக்கம், ஷெட்லாந்துக்கு மேற்கே பிரிட்டனின் லங்காஸ்டர் களம். மிகப் பழைய நைஸ் (gneiss) என்ற உருமாறிய பாறை, வெடிப்புதான் எல்லாம். 2019-இல் உற்பத்தி தொடங்கியது, கிணறுகள் முதலில் நன்றாகவே கொடுத்தன. சீக்கிரமே தண்ணீர் ஏறியது, எண்ணெய்–நீர் எல்லை நினைத்ததைவிட மேலே இருப்பதாக 2020-இல் மறுமதிப்பீடு செய்து, எடுக்கக்கூடிய எண்ணெயின் அளவைப் பெருமளவு குறைத்துக்கொண்டார்கள். உறிஞ்சிக் கொடுக்கும் சுண்ணக் கட்டி அங்கே இல்லை.

ஆகவே மாதிரியில் ஈரப்பு விருப்பமும் (பாறை விரும்புவது தண்ணீரையா எண்ணெயையா என்பது) நுண்குழல் அழுத்தமும் (நுண்துளை திரவத்தை உறிஞ்சும் இழுவை) அலங்காரம் அல்ல. பாறை எண்ணெயை விரும்புவதாக இருந்தால் தண்ணீர் கட்டிக்குள் நுழையாது, வெடிப்பில் ஓடிப்போகும். அப்போது வாயு செலுத்தி, புவியீர்ப்பில் எண்ணெயை இறக்குவது பற்றி யோசிக்க வேண்டும். கருத்துண்டை ஆய்வகத்தில் தண்ணீரில் வைத்து, எவ்வளவு எண்ணெய் தானாக வெளியேறுகிறது என்று பார்ப்பது மலிவான சோதனை. அதைத் தவிர்க்காதீர்கள்.

எங்கள் போர்வெல்லுக்கு இதெல்லாம் பொருந்துமா?

அப்படியே பொருந்தும், ஒரே மாற்றத்தோடு. கருங்கல்லின் முழுக் கட்டிக்குள் தண்ணீர் கிடையாது. தேக்கும் வேலையை மேலே உள்ள சிதைந்த பாறை, மக்கிய பாறை அடுக்கு பார்க்கிறது. கீழே உள்ள வெடிப்பு கடத்துகிறது. ரிக்காரர் அன்றைக்கே காற்றடித்து 'இரண்டு இஞ்ச் தண்ணீர்' என்று சொல்வது பெரும்பாலும் வெடிப்பில் இருந்த அந்த ஒரு லாரித் தண்ணீர். கோடையில் என்ன கிடைக்கும் என்பதை மேல் அடுக்கின் கனமும், அதில் மழை எவ்வளவு இறங்கியது என்பதும் தீர்மானிக்கும். அதனால்தான் முதல் மாதம் பொங்கிய போர் மூன்றாம் வருடம் இருமுகிறது. நீர்மட்டம் முக்கிய ஊற்றுக்கண்ணுக்குக் கீழே இறங்கிவிட்டால் விளைச்சல் படிப்படியாகக் குறையாது, ஒரே நாளில் விழும்.

மேல் அடுக்கு வறண்டுவிட்ட இடத்தில் ஆயிரம் அடிக்குப் போவது புதுத் தண்ணீரைத் தேடுவது அல்ல. ஆழம் போகப் போக வெடிப்பு குறையும், இருப்பதும் இறுகியிருக்கும், கிடைத்தாலும் அது பக்கத்துக் கிணற்றோடு இணைந்த அதே வலையாக இருக்கலாம். அந்தப் பணத்தில் பாதியைக் குளத்தைத் தூர்வாருவதற்கும் மழைநீரை மேல் அடுக்கில் இறக்குவதற்கும் போட்டால் அது தேக்கத்துக்குப் போய்ச் சேரும். குறைந்தபட்சம், மோட்டார் வாங்குவதற்கு முன் ஒரு முழு நாளாவது இறைத்துப் பார்த்து, நிறுத்திய பிறகு மட்டம் ஏறுவதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

என் மாதிரி ஐந்து வருட உற்பத்தியோடு அச்சாகப் பொருந்துகிறது. நம்பலாமா?

இதே களத்துக்கு இரண்டு மாதிரி செய்யுங்கள். ஒன்றில் இரண்டு மீட்டர் கட்டியும் இறுகிய மேட்ரிக்ஸும், மற்றொன்றில் பதினைந்து மீட்டர் கட்டியும், அதே லாம்டா வரும்படி தளர்த்திய மேட்ரிக்ஸும். அழுத்த வரலாறு இரண்டிலும் பொருந்தும். இப்போது இரண்டிலும் தண்ணீரைச் செலுத்திப் பாருங்கள். உறிஞ்சும் வேகம் கட்டியின் அளவைத் தனியாகக் கேட்கும், அழுத்தம்போல் லாம்டாவோடு நிற்காது. நீர் வந்து சேரும் காலம் இரண்டிலும் பிரிந்துவிடும். பிரியும் அந்த அகலம்தான் உங்களுக்குத் தெரியாததன் உண்மையான அளவு, மேலாளரிடம் அதையும் சேர்த்துக் காட்டுங்கள்.

அந்த அகலத்தைக் குறைக்க ட்ரேசர் நல்லது. ஒரு கிணற்றில் சாயத்தையோ உப்பையோ விட்டு மறு கிணற்றில் பிடித்தால், சீக்கிரம் வரும் முதல் முகடு வெடிப்பைச் சொல்லும், அதற்குப் பின் நீண்டு இழுக்கும் வால் கட்டிக்குள் விரவிப் போய்த் திரும்பிய பங்கைச் சொல்லும். வால் முடியும் முன்பே தண்ணீர் மாதிரி எடுப்பதை நிறுத்திவிடுவது பரவலான தவறு.

எந்த மென்பொருள் வைத்துக் கற்றுக்கொள்வது? எங்கே தொடங்குவது?

இலவசமாக வேண்டுமென்றால் நார்வேயின் சிந்தெஃப் தரும் எம்ஆர்எஸ்டி, பெர்கன் பல்கலைக்கழகத்தின் போர்பை, லாஸ் அலமோஸின் டிஎஃப்என்வொர்க்ஸ். மூன்றும் நல்லவை.

ஆனால் அதற்கு முன் ஒரு வாரம் ஒதுக்கி, பைத்தானில் நீங்களே ஐம்பது அறுபது வரி எழுதுங்கள். ஒரு வெடிப்புக் கட்டம், அதோடு ஒட்டிய ஒரு மேட்ரிக்ஸ் தொட்டி. வெடிப்பிலிருந்து நிலையான அளவில் திரவம் எடுங்கள், அழுத்தம் இறங்குவதை வரையுங்கள். அடுத்து மேட்ரிக்ஸை ஐந்து தோல்களாகப் பிரித்து அதையே மறுபடி ஓட்டுங்கள். இரண்டு வளைவும் கடைசியில் ஒன்றாகச் சேர்ந்தாலும், தொடக்கத்தில் எங்கே பிரிகின்றன என்று பாருங்கள். கட்டியை இரண்டு மடங்காக்கினால் அந்தப் பிரிவு நான்கு மடங்கு நேரம் நீள வேண்டும். நீளவில்லை என்றால் கடத்துகை எண்ணில் எங்கோ தவறு இருக்கிறது, கட்டி நீளத்தின் வர்க்கம் விடுபட்டதா என்பதிலிருந்து தேடத் தொடங்குங்கள்.